கொத்தினால் போர், கொத்தாவிட்டால் கூடாரம்

ரோமானியப் படை கிளம்பும்போது ஈட்டி, கேடயம், கூடாரத் துணி, மாவரைக்கும் திரிகை, பொதி சுமக்கும் கோவேறு கழுதை இவற்றோடு ஒரு கோழிக்கூண்டும் கிளம்பும். கறிக்காக அல்ல. கூண்டைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டு. புல்லாரியுஸ் என்று அவருக்குப் பதவிப் பெயரும் உண்டு. நாம் கோழிக்காரர் என்றே சொல்வோம். படை அணிவகுக்கலாமா, கப்பல்கள் நங்கூரம் எடுக்கலாமா என்பதற்கெல்லாம் விடிவதற்கு முன்னால் அந்தக் கூண்டிலிருந்து பதில் வந்தாக வேண்டும். கோழி ஆவலாக இரை தின்றால் போகலாம். தின்னவில்லையா, இன்றைக்குக் கிடையாது.

கேட்டால் சிரிப்புதான் வருகிறது. ரோமர்களில் சிலருக்கும் வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் மூத்த பிளினி, உலகத்தை ஆளுகிறவர்களை ஆளுவது இந்தப் பறவைதான் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். அதில் வியப்பு எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் கல்பாலம் கட்டுவதிலும் சட்டம் எழுதுவதிலும் அத்தனை கறாராக இருந்த ஒரு சமூகம் பல நூற்றாண்டுகள் இதைக் கைவிடவில்லை. அப்படியானால் கூண்டுக்குள் ஏதோ ஓர் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள நம் அடுப்படியே போதும். புதுவீட்டில் பால் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் சிறியதாகத்தான் எடுப்பார்கள். பாலை விளிம்பு வரைக்கும் ஊற்றுவார்கள். தீயை முழுசாக வைப்பார்கள். மற்ற நாளில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால் திட்டு விழும். அன்றைக்கு மட்டும் வழிந்தே ஆக வேண்டும். வழியும் என்பதில் அங்கே நிற்கிற யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. சந்தேகமே இல்லாத ஒன்றுக்காக எல்லாரும் கண்கொட்டாமல் காத்திருக்கிறார்கள். பால் பொங்குவது, இந்த வீடு நூறு வருஷம் நிற்கும் என்ற ஜோசியம் அல்ல. குடிபுகலாம் என்ற உத்தரவு. பொங்கிய பிறகு அது நம் வீடு.

ரோமரின் கோழிக்கூண்டும் இதே வகை. பலர் இதை எதிர்காலம் பார்க்கிற கருவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். போரில் யார் ஜெயிப்பார் என்று கோழியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது தலைமைக் கடவுளான ஜூப்பிட்டரிடம், கேட்ட கேள்வி, இந்தக் காரியத்தை இன்று செய்ய உத்தரவு உண்டா என்பது. ‘இன்று’ முக்கியம். இன்றைக்கு வாங்கிய உத்தரவு நாளைக்குச் செல்லாது. மறுநாள் மறுபடி கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தாலும் காரியமே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. நாளைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்கும் உரிமையும் எல்லாருக்கும் கிடையாது. கான்சல், பிரேட்டர், அவசரகாலத்தில் நியமிக்கப்படும் டிக்டேட்டர் போன்ற அரசுப் பதவியாளர்களுக்குத்தான் பொதுக் காரியத்துக்காக உத்தரவு கேட்கும் உரிமை. படைத்தலைமையும் இந்த உரிமையும் ஒன்றோடொன்று பின்னியவை. கி.மு. 325இல் நடந்த ஒரு சண்டையைப் பார்த்தால் இது விளங்கும். இத்தாலிய மலைமக்களான சாம்னைட்டுகளோடு போர். டிக்டேட்டர் லூசியஸ் பப்பீரியஸ் குர்ஸோர். வாங்கிய சகுனத்தில் குறை இருக்கிறது என்று கோழிக்காரர் எச்சரிக்க, அதைப் புதிதாக வாங்கிவர அவர் ரோமுக்குத் திரும்புகிறார். நான் வரும்வரை கையை வைக்காதே என்று தன் குதிரைப்படைத் தலைவன் குவிண்டஸ் ஃபேபியஸிடம் சொல்லிவிட்டுப் போகிறார். ஃபேபியஸ் இளரத்தம். வாய்ப்புக் கிடைத்தது, தாக்கினான், பெரிய வெற்றி. திரும்பி வந்த டிக்டேட்டர் செய்த முதல் வேலை, வெற்றி பெற்றவனுக்கு மரண தண்டனை கொடுக்க முற்பட்டது. சகுனம் சரியில்லாத நிலையில் போரிட்டது குற்றம். ஜெயித்தாயா தோற்றாயா என்பது கேள்வியே இல்லை என்பது அவர் வாதம். செனட், மக்கள், ஃபேபியஸின் அப்பா என்று எல்லாரும் கெஞ்சிய பிறகுதான் அவன் தலை தப்பியது. கோழி வெறும் ஜோசியம் சொல்கிற பறவையாக இருந்திருந்தால் இந்த வழக்குக்கே இடமில்லை. பலித்ததா இல்லையா என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இனி உள்ளே இருக்கிற பாகங்கள். பாத்திரத்தின் இடத்தில் கூண்டு. தீயின் இடத்தில் பசி. விளிம்பு வரை ஊற்றிய பாலின் இடத்தில் ஒரு களி உருண்டை.

இந்தக் களியில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. நம் சம்பா கோதுமையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பழங்கோதுமையை இடித்துக் கிண்டிய கூழும் களியும்தான் ரோமரின் பழைய அன்றாடச் சாப்பாடு. ரொட்டி பின்னால் வந்தது. அந்தக் களியை உருட்டிக் கூண்டுக்கு முன் போடுவார்கள். கோழி தின்ன வேண்டும் என்பது மட்டுமல்ல, தின்னும்போது அதன் வாயிலிருந்து ஏதாவது கீழே விழுந்து தரையில் பட வேண்டும். அதற்குத்தான் திரிபுடியம் என்று பெயர். விழுந்தால் உத்தமமான சகுனம்.

கோழி வளர்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நெல்லையோ கம்பையோ இறைத்தால் கோழி ஒவ்வொரு மணியாகக் குறிபார்த்துக் கொத்தும், ஒன்றும் சிந்தாது. பிசுபிசுவென்ற களியைக் கொடுத்துப் பாருங்கள். கோழிக்குப் பல் கிடையாது, கடித்துத் துண்டாக்க முடியாது. அலகால் ஒரு பகுதியைக் கவ்வும், கழுத்தை வெட்டி வெட்டி உதறும், பிய்ந்ததில் பாதி வாய்க்குள் போகும், பாதி பக்கத்தில் தெறிக்கும். அலகில் ஒட்டியதைத் தரையில் இப்படியும் அப்படியும் தேய்த்துத் துடைக்கும். இதற்குள் பக்கத்துக் கோழி அதன் வாயில் இருப்பதைப் பிடுங்க வரும். முந்தின நாள் பட்டினி போட்ட கோழிகள் என்றால் சொல்லவே வேண்டாம். களி சிந்தாமல் அவை தின்றால்தான் அதிசயம்.

இதைத்தான் ரோம எழுத்தாளர் சிசரோ, கி.மு. 44இல் எழுதிய சகுன சாஸ்திர ஆராய்ச்சி நூலில் போட்டு உடைக்கிறார். பறவை தன் இஷ்டத்துக்குப் பறந்து தன் இஷ்டத்துக்குத் தின்ற காலத்தில் அது கடவுளின் தூது என்றால் ஒத்துக்கொள்ளலாம். கூண்டில் அடைத்துப் பட்டினி போட்டுக் களியைத் தூக்கிப் போட்டால் வாயிலிருந்து விழத்தானே செய்யும், இதில் ஜூப்பிட்டருக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. கேட்டவர் சாமானியர் அல்ல. சகுன விதிகளுக்கு அதிகாரபூர்வக் காவலர்களான ஆகுர் என்ற குழுவில் அவரே உறுப்பினர். அந்தப் பதவியில் இருந்துகொண்டே இப்படி எழுதியவர், அரசின் நன்மைக்காக இந்த வழக்கம் நீடிக்க வேண்டும் என்றும் அதே நூலில் சொல்கிறார். இதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பால் ஏன் பொங்குகிறது என்ற விஞ்ஞானம் தெரிந்தவரும் புதுவீட்டில் பால் காய்ச்சத்தான் செய்கிறார்.

சரி, இயங்கும் முறை. நள்ளிரவு தாண்டி, பொழுது விடியுமுன், தலைவர் சத்தமில்லாமல் எழுந்திருக்க வேண்டும். உதவியாளரை அழைத்து, சகுனத்துக்கு நீ துணை இருக்க வேண்டும் என்பார். ஆகட்டும் என்று பதில் வரும். அமைதி இருக்கிறதா என்று கேட்பார். காதுக்குச் சத்தம் கேட்கவில்லை என்பது மட்டுமல்ல இதன் பொருள். சடங்கைக் கெடுக்கும் குறை எதுவும் இல்லை என்பது. இருப்பதாகத் தெரிகிறது என்று உதவியாளர் சொல்வார். கோழிகள் தின்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. தின்கின்றன. முடிந்தது. சிசரோவின் புகார் இந்த இடத்தில்தான் சுவாரஸ்யமாகிறது. முன்பெல்லாம் விஷயம் தெரிந்தவரைத் துணைக்கு வைத்தார்கள், இப்போது யாராவது ஒருவர் போதும். அவர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை, அமைதி இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார் என்கிறார்.

இங்கேதான் அடுப்படி உவமை நின்றுவிடுகிறது. பால் பொங்குவதை வீடே கூடி நின்று பார்க்கிறது; பொங்காத பாலைப் பொங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. கூண்டுக்கு முன்னால் நிற்பவர் கோழிக்காரர். படைத்தலைவர் கையில் வந்து சேர்வது அவருடைய வாய்மொழி. ஆக, இந்தக் கருவியின் உண்மையான கடைசிப் பாகம் கோழியின் அலகு அல்ல, கோழிக்காரரின் நாக்கு. அது பொய் சொன்னால்?

கி.மு. 293இல் அக்விலோனியாவில் சொன்னது. மறுபடி சாம்னைட்டுகள். ரோமின் கான்சல், முன்னே சொன்ன டிக்டேட்டரின் மகன், அதே பெயர், லூசியஸ் பப்பீரியஸ் குர்ஸோர். ரோம வரலாற்றாசிரியர் லிவி இதை விரிவாக எழுதியிருக்கிறார். படை முழுவதும் போர்வெறியில் கொதிக்கிறது. மூன்றாம் சாமத்தில் கான்சல் எழுந்து கோழிக்காரரை அனுப்புகிறார். கோழி தின்னவில்லை. சண்டை வேண்டும் என்ற ஆசை கோழிக்காரரையும் பிடித்திருந்தது. உத்தமமான திரிபுடியம் என்று வந்து சொல்லிவிட்டார். கான்சல் மகிழ்ந்து போர்க்கொடி ஏற்றச் சொன்னார். அதற்குப் பிறகு கோழிக்காரர்களுக்குள்ளேயே வாக்குவாதம் கிளம்பி, அது குதிரைவீரர்கள் காதில் விழுந்து, கான்சலின் உடன்பிறந்தான் மகன் ஸ்பூரியஸ் பப்பீரியஸ் வழியாகக் கான்சலிடம் வந்து சேர்ந்தது.

கான்சல் என்ன செய்ய வேண்டும்? படை அணிவகுத்து நிற்கிறது. நிறுத்தினால் வீரர்களின் வேகம் போய்விடும். நிறுத்தாவிட்டால் தெய்வக் குற்றம். அவர் சொன்ன பதில் ஒரு கைதேர்ந்த வக்கீலின் பதில். பொய் சொன்னவன் எவனோ அவன் தலையில் அந்தப் பாவம். எனக்கு வந்த தகவல் திரிபுடியம் என்பது, எனவே ரோம மக்களுக்கும் படைக்கும் அது நல்ல சகுனமே. சொல்லிவிட்டு, கோழிக்காரர்களைப் படையின் முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். இரு படையும் மோதுவதற்கு முன்னமே எங்கிருந்தோ பறந்து வந்த ஓர் எறிவேல் அந்தக் கோழிக்காரரைச் சாய்த்தது. தெய்வங்கள் களத்துக்கு வந்துவிட்டன, குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்றார் கான்சல். அவர் பேசும்போதே முன்னால் ஓர் அண்டங்காக்கை கரைந்ததாம். அதுவும் நல்ல சகுனம். ரோமர் வென்றார்கள். லிவி குறிப்பிடுவது ரோமன் காலாட்படை கையில் இருந்த வகை எறிவேலை. அதை எறிந்தது யார் என்று அவர் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரோமர் இந்த ஏற்பாட்டை எவ்வளவு நுட்பமாக வைத்திருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு கதை போதும். உண்மையில் கோழி தின்றதா என்பதைவிட, தின்றது என்று முறைப்படி அறிவிக்கப்பட்டதா என்பதே சட்டத்தில் நிற்கும். பொய்யின் பொறுப்பு சொன்னவரோடு முடிந்தது, வாங்கிக்கொண்டவரைத் தொடவில்லை.

கோழிக்காரர் கையில் இருந்த இன்னொரு வசதியையும் கவனிக்க வேண்டும். கோழியைப் பட்டினி போட்டால் ஆமாம். முந்தின ராத்திரி வயிறு நிறையத் தீனி வைத்தால் இல்லை. தலைவர் அவசரக்காரராக இருந்து மற்றவர்களுக்கு விருப்பமில்லை என்றால், அவரை எதிர்த்து வாய் திறக்காமலே ஒருநாள் தள்ளிப்போட இதைவிட நாசூக்கான வழி கிடையாது. எத்தனை முறை இப்படிச் செய்தார்கள் என்று கணக்கு எடுக்க முடியாது. செய்ய முடிந்தது என்பதே ஒரு படைக்குப் பெரிய விஷயம். கி.மு. 217இல் கான்சல் ஃபிளமினியஸிடம், இன்று போர் வேண்டாம், தள்ளிப்போடுங்கள் என்று கோழிக்காரர் சொன்னார். பிறகும் கோழி தின்னாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார் ஃபிளமினியஸ். சும்மா இருக்க வேண்டியதுதான் என்று பதில். பிரமாதமான சகுனம், கோழிக்குப் பசித்தால் போர், வயிறு நிறைந்தால் ஓய்வு என்று கேலி செய்துவிட்டுப் படையைக் கிளப்பினார். டிராஸிமீன் ஏரிக்கரை மூடுபனியில், ரோமின் எதிரியான கார்த்தேஜின் தளபதி ஹானிபல் காத்திருந்தார். ஏறக்குறைய 15,000 ரோமர்கள் மடிந்தார்கள், கான்சலும் மடிந்தார். தர்க்கத்தில் ஃபிளமினியஸ் சொன்னது சரி. ஆனால் அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது தர்க்கமல்ல, முன்னால் ஆள் அனுப்பி வழியைப் பார்க்க ஒருநாள் அவகாசம்.

எல்லாருக்கும் தெரிந்த கதை இன்னொன்று. கி.மு. 249, சிசிலித் தீவின் மேற்குக் கரையில் திரெபானா துறைமுகம். கார்த்தேஜ் கப்பல்களைத் தாக்கக் கான்சல் பப்ளியஸ் கிளாடியஸ் புல்கர் துடிக்கிறார். கோழிகள் தின்ன மறுக்கின்றன. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று கூண்டோடு கடலில் எறிந்தாராம். அன்று 93 ரோமன் கப்பல்கள் எதிரியிடம் பிடிபட்டன. ரோமுக்குத் திரும்பிய கிளாடியஸ்மேல் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். கதை அருமை. ஆனால் அந்தப் போரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான வரலாற்றை எழுதிய பாலிபியஸ், துறைமுக வாயிலில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதித் துடுப்பு முறிந்ததையெல்லாம் எழுதிவிட்டுக் கோழியைப் பற்றி மூச்சுவிடவில்லை. கோழி பிற்காலத்து ஆசிரியர்களிடம்தான் வருகிறது. அத்தனை கப்பல் போனதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. திமிர் பிடித்த குடும்பம் என்று பெயரெடுத்த கிளாடியஸ்கள்மேல் அது கச்சிதமாகப் பொருந்தியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கூண்டு வேறு விதங்களிலும் மக்கர் பண்ணும். கி.மு. 137இல் கான்சல் மான்சினஸ் ஸ்பெயினுக்குப் புறப்படுமுன் லவினியத்தில் கூண்டைத் திறக்க, கோழிகள் பக்கத்துக் காட்டுக்குள் பறந்து மறைந்துவிட்டன. நுமான்ஷியாவில் அவர் தோற்றுச் சரணடைந்ததற்கு இதையும் சேர்த்துச் சொன்னார்கள். கி.மு. 133இல் நிலச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய திபேரியஸ் கிராக்கஸ் கொல்லப்பட்ட நாள் காலையில் நடந்ததைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். இரை போட்டும் கோழிகள் வெளியே வரவில்லை. கோழிக்காரர் கூண்டைப் பிடித்து உலுக்கினார். ஒன்றே ஒன்று வந்தது. அதுவும் இரையைத் தொடவில்லை; இடது இறக்கையைத் தூக்கி, காலை நீட்டிவிட்டு, திரும்பக் கூண்டுக்குள் ஓடிப்போயிற்று. புளூட்டார்க்குக்கு அது அபசகுனம். இறக்கையையும் காலையும் விரித்து நீட்டுவது வயிறு நிறைந்த கோழி சோம்பல் முறிக்கிற லட்சணம் என்பது கோழி வளர்க்கிற வீட்டில் குழந்தைக்கும் தெரியும். முந்தின இரவு யாரோ நன்றாகத் தீனி போட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஏன் கோழி? ரோமருக்கு வேறு சகுனங்களும் இருந்தன. மின்னல் பார்ப்பார்கள், கழுகும் அண்டங்காக்கையும் எந்தத் திசையில் பறக்கின்றன என்று பார்ப்பார்கள். வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதற்கு நேரமும் நிலையான இடமும் வேண்டும். எதிரி அரை மைலில் நிற்கும்போது கழுகு வரும்வரை உட்கார முடியாது. கோழியைக் கையோடு தூக்கிப் போகலாம். அது பசித்த நேரத்துக்குப் பதில் சொல்லிவிடும். படையோடு போகும் சகுனமாகக் கோழி நிலைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

தென்கிழக்கு ஆசியக் காட்டுக்கோழியின் வழிவந்த இந்தப் பறவை மத்தியதரைக் கடலோரத்துக்குப் பிந்தி வந்த விருந்தாளி. ஹோமரின் காவியங்களில் கோழி இல்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் அதைப் பாரசீகப் பறவை என்று கூப்பிடுகிறார். கிரேக்கர்களை ஈர்த்தது சேவலின் சண்டையும் கூவலும்தான். கி.மு. 371இல் லூக்ட்ராவில் ஸ்பார்ட்டாவை பொயோஷியர்கள் வீழ்த்துமுன் லெபாடியா ஊர்ச் சேவல்கள் விடாமல் கூவினவாம். தோற்ற சேவல் கூவாது, எனவே வெற்றி உறுதி என்று குறி சொன்னார்கள். சேவல் கூவியதில் என்ன அதிசயம், மீன் கூவியிருந்தால் சொல்லுங்கள் என்று சிசரோ இதையும் விடவில்லை. சேவல் தானாகக் கூவியதற்குப் பொருள் தேடினார்கள் கிரேக்கர்கள். ரோமர் கேள்வியையும் நேரத்தையும் பதில் வரும் வழியையும் தாங்களே வகுத்துக்கொண்டு கோழியிடம் போனார்கள்.

கடைசியில் இந்த ஏற்பாடு தேய்ந்ததற்குக் காரணம் யாரும் தெளிவு பெற்றது அல்ல. சிசரோ காலத்தில் போர்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் பதவிக்காலம் முடிந்த பிறகு மாகாணங்களுக்குப் போன முன்னாள் கான்சல்களும் முன்னாள் பிரேட்டர்களும். அவர்களுக்குச் சகுனம் கேட்கும் உரிமை இல்லை. ஆகவே ஆற்றைக் கடக்கும்போதும் கேட்பதில்லை, போருக்கு முன் கோழிக்குக் களி போடுவதும் இல்லை என்று சிசரோவே குறைப்பட்டுக்கொள்கிறார். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் யார் பால் காய்ச்சுவது?

ஆனாலும் கூண்டு அடியோடு காணாமல் போய்விடவில்லை. ரோமுக்குத் தென்கிழக்கே டஸ்குலம் பக்கத்தில் கிடைத்த பேரரசுக் காலத்துக் கல்லறைக் கல் ஒன்று மார்க்குஸ் பொம்பேயுஸ் அஸ்பெர் என்ற படை அதிகாரியுடையது. சாதாரணச் செஞ்சூரியனாக இருந்து முகாம் தலைவர்வரை உயர்ந்தவர். கல்லில் படைப்பிரிவின் கழுகுச் சின்னமும் கொடிக்கம்பங்களும் செதுக்கியிருக்கின்றன. அவற்றோடு கோழிக்கூண்டும், இரை தின்னும் கோழிகளும். கல்லை நிறுத்தியவர் அட்டிமெட்டுஸ், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தன் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் பொறித்திருக்கிறார்: புல்லாரியுஸ்.